மூன்றாவது கியரின் ஊளை

பட்டறைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கியர் டாக்டர் அந்தக் காரியத்தைச் செய்தார். கழித்துப் போட்ட சாமான்கள் கிடந்த டப்பாவிலிருந்து ஒரு தேய்ந்த பல்சக்கரத்தை எடுத்துத் துடைத்தார். பளபளவென்று இருந்த புதுச் சக்கரத்துக்கு ஜோடியாக அதையே மாட்டினார்.

அந்த வட்டாரத்தில் யார் வண்டியில் கியர்பாக்ஸ் மக்கர் செய்தாலும் அவரிடம்தான் வருவார்கள். ஜோடிச் சக்கரத்தில் ஒன்று போனால் இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. புதுப் பல்லும் தேய்ந்த பல்லும் ஒத்துப்போகாது, வண்டி ஊளையிடும். 'பழசும் புதுசும் கலந்து மாட்டித் தரப்பட மாட்டாது' என்று சுவரில் பெரிதாக எழுதியே வைத்திருந்தார்.

இப்போது அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வேலை நடந்தது. வாங்கி வந்த இன்னொரு புதுச் சக்கரம் பிரிக்காத அட்டைப் பெட்டியோடு அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. காசு மிச்சம் பிடிக்க அல்ல. கார் அவருடைய மாமியாருடையது.

கியர் டாக்டரை நிஜ டாக்டர் இனிப்பைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார். மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கண்காணிக்கும் பொறுப்பைத் தன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டாள். மாமியார் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஸ்கேலால் முழங்காலில் தட்டித் தட்டியே பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர்.

அவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. பூனை மாதிரி வந்து நிற்பார். போன மாதம் அப்படி வந்துதான், வாய் நிறைய கிரீம் கேக்கோடு மருமகனைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

"இன்னொரு தடவ பார்த்தேன், பெட்டி படுக்கையோட இங்கயே வந்து தங்கிடுவேன் மாப்பிள்ளை. அப்புறம் நீங்க என்ன சாப்பிடணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

சொன்னால் செய்கிறவர். மாமியார் மேல் டாக்டருக்கு வெறுப்பெல்லாம் கிடையாது, கேக் மேல் பிரியம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்தச் சமயம் பார்த்துத்தான் மாமியாரின் காரில் மூன்றாவது கியர் பல் உடைந்து, வண்டி தானாகப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

சாயங்காலம் காரை எடுக்க வந்த மாமியார் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து இறங்கினார். தெரு நாய்கள் எல்லாம் பதிலுக்கு ஊளையிட்டுக்கொண்டிருந்தன.

"என்ன மாப்பிள்ளை, மூணாவது போட்டா இப்படிக் கத்துது?"

"புதுச் சக்கரம் அத்தை. போகப் போகப் பழகிடும்."

மாமியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சுவரில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார்.

"மூணாவதுல மட்டும்தானா?"

"மூணாவதுல மட்டும்தான். மத்த கியரெல்லாம் வெண்ணெய் மாதிரிப் போகும்." தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் டாக்டருக்கு வாய் சும்மா இருக்காது. மாமியார் தலையை ஆட்டிவிட்டு, தெரு நாய்கள் பின்தொடரக் கிளம்பிப் போனார்.

அன்றிலிருந்து டாக்டருக்கு ராஜ வாழ்க்கை. அவர் வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. மாமியார் மேட்டில் பாதி ஏறும்போதே ஊளைச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். கேக் வாஷிங் மெஷினுக்குள் போய்விடும், டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளரிக்காய்த் துண்டைக் கடித்தபடி கதவைத் திறப்பார்.

மாப்பிள்ளை திருந்திவிட்டார் என்று மாமியார் மகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அதைக் கேட்டு டாக்டருக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் பசியும் இருந்தது. மனைவி மட்டும் ஒருநாள், துவைத்த சட்டையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, ஏன் வெனிலா வாசனை வருகிறது என்று கேட்டாள். புது சோப்புத்தூள் என்று சொல்லிச் சமாளித்தார்.

பயம் விட்டுப்போனது. முன்பெல்லாம் தட்டில் ஒரு கண்ணும் ஜன்னலில் ஒரு கண்ணுமாக, நின்றுகொண்டே ஒரு துண்டை விழுங்குவார். இப்போது சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, மடியில் முழுக் கேக்கையும் வைத்துக்கொண்டு, நேரம் எடுத்துச் சாப்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். மனைவி வெளியே போயிருந்தாள், கேக்கில் பாதி உள்ளே போயிருந்தது. ஏதோ ஒரு கார் மெதுவாக மேடு ஏறிவரும் சத்தம் கேட்டது.

டாக்டர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். ஊளை இல்லை. பக்கத்து வீட்டுக்கு யாரோ வருகிறார்கள் என்று நினைத்து, செர்ரிப் பழம் வைத்த துண்டைப் பெரிதாக வெட்டி அப்படியே வாயில் திணித்தார்.

கதவு திறந்தது. வாசலில் மாமியார். டாக்டரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மாமியார் கோபப்படவே இல்லை. நிதானமாக வந்து, கிரீம் அப்பிய அந்தக் கையை விரித்து, அதில் கார் சாவியை வைத்தார்.

"இந்த மேட்டுக்கு ரெண்டாவது கியரே போதும் மாப்பிள்ளை. பெட்டி படுக்கை டிக்கியில இருக்கு, எடுத்துட்டு வாங்க."