முன்னால் ஓடியவன்

கடைசிச் சுற்றில் கோபி காலை நீட்டினான். முன்னால் ஓடிய சேரன் குப்புற விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.

கோபிக்கு ஒரு மாதமாக வயிற்றெரிச்சல். திண்டிவனம் மைதானத்தில் தினமும் சேரன் முதுகைப் பார்த்தே ஓட வேண்டியிருந்தது. கூலிக்காரன் மகன் போலீஸாவதாம், நிலக்காரன் மகன் வேடிக்கை பார்ப்பதாம்.

பயிற்சியாளர் ஓடிவந்தார். “ஏன்டா இப்படிப் பண்ண?”

“வலுத்தவன்தான் பொழைப்பான், மாஸ்டர். டார்வினே சொல்லிக்கிறாரு. நாளைக்கு விழுப்புரத்துல போலீஸ் ஓட்டத்துல இவன் எப்படி செலக்‌ஷன் ஆவறான்னு பாக்கறேன்.”

“அவன் எஸ்.ஐ. செலக்‌ஷன் ஆயி ஒரு மாசம் ஆச்சுடா. முன்னால ஒருத்தன் ஓடினாத்தான் உனக்கு வேகம் வருதுன்னு, உன்ன பாஸ் பண்ண வைக்கத்தான் தினமும் வந்து ஓடிக்கினு இருந்தான்.”