கைத்தட்டு யாருக்கு?

"கைத்தட்டு யாருக்கு விழுந்தது? அதை மட்டும் சொல்லு."

கண்ணாடி முன் நின்று பிரின்ஸ் பாஸ்கம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மதிய நடன நிகழ்ச்சி அப்போதுதான் முடிந்திருந்தது. கான்சாஸ் சிட்டியின் வைன் தெருவில் அவருடைய இசைக்குழுவைத் தெரியாதவர்கள் கிடையாது. அப்பா வைத்த பெயர் லெமுவெல். 'பிரின்ஸ்' அவரே வைத்துக்கொண்டது.

மனைவி ஒடெஸ்ஸா அவருடைய வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

"உனக்குத்தான் ராஜா. வேற யாருக்கு?"

"பொய் சொல்லாத. நான் ட்ரம்பெட்ட உச்சத்துல நிறுத்திப் பிடிக்கிறேன், ஜனங்க அவங்க பாட்டுக்கு ஆடிக்கிட்டிருக்காங்க. நம்ம குழுவோட ரெண்டாவது ட்ரம்பெட், அந்த ஆம்ப்ரோஸ் ஊதினதும் ஆட்டத்தை நிறுத்திட்டு மேடைகிட்ட வந்து நிக்குறாங்க. என் கண்ணு என்ன குருடா?"

ஒடெஸ்ஸா பெருமூச்சு விட்டாள். "நான் ஒண்ணும் சொல்லல. ஆனா..."

"ஆனா என்ன?"

"வாசல்ல ரெண்டு பொம்பளைங்க பேசிக்கிட்டாங்க. 'அந்த வெள்ளைக் கோட்டுக்காரர் யாரு, ஆம்ப்ரோஸோட அப்பாவா'ன்னு."

சுட்ட விலாக்கறித் தட்டைப் பிரின்ஸ் தள்ளிவைத்தார்.

ஒரு காலத்தில் அவர் நிஜமாகவே நன்றாக வாசித்தார். அந்த ட்ரம்பெட்டைக் கேட்க வெளியூரிலிருந்து ரயிலேறி வந்தார்கள். பேர் வந்தது, பேரோடு கோட்டுகள் வந்தன. கோட்டுகள் கூடக் கூடப் பயிற்சி குறைந்தது, உதடு தளர்ந்தது. இப்போதெல்லாம் ஒவ்வொரு பாட்டிலும் கொஞ்சம் ஊதிவிட்டு, மீதி நேரம் ஒரு வெள்ளைக் குச்சியை ஆட்டிக்கொண்டு பல்லைக் காட்டுவார்.

குழுவில் வேறு யாருக்காவது கைத்தட்டு விழுந்தால் அவன் சீட்டு கிழிந்தது. சாக்ஸபோன் கிளியோஃபஸ் போனான். பெண்கள் அவனையே பார்க்கிறார்களாம். டிரம்ஸ் ரூஃபஸ் போனான். பத்திரிகையில் அவன் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டார்களாம். அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டியவள் ஒடெஸ்ஸா. அப்போதும் "நான் ஒண்ணும் சொல்லல" என்றுதான் ஆரம்பித்தாள்.

ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான்.

"கூப்பிட்டீங்களா பாஸ்?"

"என் மேடையில என்னடா பண்ணிக்கிட்டிருக்க?"

"நீங்கதானே நடுவுல தனியா வாசிக்கச் சொன்னீங்க?"

"வாசிக்கச் சொன்னேன். நல்லா வாசிக்கச் சொன்னேனா?"

"மன்னிச்சிடுங்க பாஸ். இனிமே உங்களை மாதிரியே வாசிக்கிறேன்."

"உன்னால முடியாதுடா!" என்று கத்தியவருக்கு, அவன் சொன்னதன் அர்த்தம் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. முகம் கறுத்தது. "கிளம்பு. உனக்கு இங்க வேலை இல்ல."

"சரி பாஸ். ஒரே ஒரு உதவி. நானா விட்டுப் போகல, நீங்கதான் அனுப்பினீங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

பிரின்ஸுக்கு இதைவிட இனிப்பான வேலை உண்டா? கதவை விரியத் திறந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! இவனை நான்தான் துரத்துறேன்!"

ஒடெஸ்ஸா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அழாதே கண்ணு" என்றார் பிரின்ஸ். "இவன் இல்லன்னா இன்னொருத்தன்."

அடுத்த சனிக்கிழமை நியூயார்க்கிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். நல்ல குழுவாகப் பார்த்து ஒப்பந்தம் போடுவதாகப் பேச்சு. பிரின்ஸ் பத்து வருடமாகக் காத்திருந்த நாள். ஒடெஸ்ஸா தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மேடையில் அவரைத் தவிர வேறு யாருக்கும் கைத்தட்டு விழ வழியே இல்லை. அவருக்கும் விழவில்லை.

மூன்றாவது பாட்டில் கம்பெனிக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிரின்ஸ் மேடையிலிருந்து குதித்து ஓடினார்.

"சார், எங்க கிளம்பிட்டீங்க? இனிமேதான் களை கட்டும்."

"எதிர் ஹாலுக்குப் போறேன். யாரோ புதுக் குழுவாம். இவ்வளவு நேரமா உங்க முன்னாடி உக்காந்து அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

ட்ரம்பெட்டும் கையுமாகப் பிரின்ஸ் அவர் பின்னாலேயே தெருவைக் கடந்தார். எதிர் ஹாலில் நிற்க இடமில்லை. ஒரு பாட்டு முடிந்து கைத்தட்டல் கூரையை இடித்தது. மேடையில் ஆம்ப்ரோஸ். அவனுக்குப் பக்கத்தில் கிளியோஃபஸ். பின்னால் ரூஃபஸ். அவர் துரத்திய அத்தனை பேரும் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்கள்.

"துரோகிங்களா!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையை நெருங்கினார். "விட்டுப் போனா ஒரு வருஷம் இந்த ஊர்ல வாசிக்கக் கூடாதுன்னு என்கிட்ட கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க எல்லாரையும் கோர்ட்டுக்கு இழுக்கிறேன் பாருங்க!"

"அது நாங்களா விட்டுப் போனாத்தான் பாஸ்" என்றான் ரூஃபஸ். "எங்களை நீங்கதானே துரத்தினீங்க? அதுக்கு ஊரே சாட்சி."

பிரின்ஸ் ட்ரம்பெட்டை அவர்கள் பக்கம் நீட்டினார்.

"யாருடா உங்களையெல்லாம் சேர்த்தது? எவன்டா உங்க லீடர்?"

பியானோ முன்னால் உட்கார்ந்திருந்த பெண் திரும்பினாள். ஒடெஸ்ஸா.

"ட்ரம்பெட் ஒண்ணுதான் எனக்குக் குறையா இருந்துச்சு ராஜா. போன வாரம் அதையும் அனுப்பி வச்சிட்ட" என்றாள். "உன்னைவிட அதிகமா கைத்தட்டு வாங்கிட்டாளேன்னு நீ முதமுதல்ல மேடையைவிட்டு இறக்கி, மோதிரத்தை மாட்டி வீட்டுல உக்கார வச்சியே ஒரு பியானோக்காரி, அவளை இவ்வளவு சீக்கிரமா மறந்துட்டியே!"