பாதித் தட்டு பச்சை

“சட்டி நல்லா காயறதுக்கு முன்னாடி கறியைப் போட்டுடாதீங்க. லேசா புகை வரணும். வருதா?”

“வருதுங்க. எனக்கும் சேர்த்து வருது.”

மிளகு டப்பாமேல் சாய்த்து வைத்த செல்போனில் அந்தப் பெண் குரல் கிசுகிசுத்தது. லிப்ட் மெக்கானிக், உள்ளங்கை அகல மாட்டிறைச்சித் துண்டுகள் இரண்டையும் காகிதத்தால் ஒற்றி ஈரம் எடுத்தார். பதினேழாவது மாடியில் கயிற்றில் தொங்கும்போதுகூட அவருக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

வராதா பின்னே? மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் மூன்று வாரம். அவள் ஜிம்மில் பயிற்சியாளர். எண்ணெயைக் கண்ணுக்கு மருந்து விடுவதுபோல் சொட்டு எண்ணி ஊற்றுகிறவள். புருஷனின் ஸ்பானர் பையில் ஸ்பானர் ஒன்றும் சிப்ஸ் பாக்கெட் ஆறும் இருந்தால் சும்மா விடுவாளா? போகும்போது வாசலில் நின்று மூன்று மாடிக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள்.

“எண்ணெய் ஒரே ஸ்பூன். பாதித் தட்டு பச்சைக் காய். யார் ஒத்தாசையும் இல்லாம நீங்களே சமைச்சு எனக்குப் போடுங்க. அப்புறம் நான் திரும்பி வர்றதைப் பத்திப் பேசலாம்.”

அந்தச் சாப்பாடு இன்றைக்கு. ஏழு மணிக்கு வருகிறாள்.

கறி சட்டியில் விழுந்து ‘சொய்ங்’ என்றது. புகையில் மெக்கானிக் இருமினார்.

“தண்ணி குடிங்க முதல்ல,” என்றது குரல்.

“யாருங்க அது?” என்று பின்னாலிருந்து இன்னொரு குரல். கீழ்வீட்டுத் தையல்காரம்மா. பேன்ட் மடிப்புத் தைத்ததைக் கொடுக்க வந்தாராம். அதற்குச் சமையலறைவரை வரவேண்டுமா என்று அவரிடம் யார் கேட்பது?

“சமையல் வீடியோங்க.”

“வீடியோவா? நீங்க இருமினா தண்ணி குடிக்கச் சொல்லுது! எங்க வீட்டு வீடியோவெல்லாம் நான் செத்தாலும் கண்டுக்காது.”

பேன்ட்டை வைத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கி முடிப்பதற்குள், அந்த வீட்டு அம்மாவின் இடத்துக்கு வேறு ஆள் வந்தாச்சு என்ற சேதி முந்திக்கொண்டு இறங்கிவிட்டது.

“ஒரு பக்கம் மூணு நிமிஷம், மறுபக்கம் மூணு நிமிஷம். எடுத்துத் தட்டுல வெச்சிட்டு அஞ்சு நிமிஷம் தொடாதீங்க. அது ரெஸ்ட் எடுக்கணும்.”

“மத்தியானத்துலேர்ந்து நிக்கறது நான். ரெஸ்ட்டு கறிக்கா?”

போனுக்குள் எங்கோ கதவு சாத்துகிற சத்தம். அதற்கப்புறம் குரல் கிசுகிசுப்பதை விட்டுத் தொண்டையைத் திறந்துகொண்டது.

“இன்னும் கால்மணி நேரம்தான் இருக்கு! அதே சட்டியில இஞ்சி, பூண்டு. ப்ராக்கோலி, குடைமிளகாய், காளான். சோயா சாஸ் உப்பு குறைஞ்சதுதானே வாங்கினீங்க? காய் கொழையக் கூடாது, கடிச்சா சத்தம் வரணும். கறியை நாருக்குக் குறுக்க வெட்டி மேல எள்ளு தூவுங்க.”

“தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவீங்க போல.”

“தூக்கத்துலயும் அதுதான் வருது,” என்று பெருமூச்சு விட்டது குரல்.

அழைப்பு மணி அடித்தது. போன் அணைக்கப்படாமலேயே சட்டைப் பைக்குள் போனது.

மனைவி நேரே அடுப்பிடம் போனாள். எண்ணெய்ப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து மட்டம் பார்த்தாள். குப்பைக்கூடையைக் காலால் நகர்த்தி உள்ளே பார்த்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

முதல் துண்டை முப்பத்திரண்டு தடவை மென்றாள். மெக்கானிக்கும் எண்ணினார்.

“படியேறும்போது தையல்காரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘மனசைத் தேத்திக்கம்மா’ங்கறாங்க. யாரு சொல்லிக் குடுத்தது இது?”

“வீ... வீடியோதான். நாலு தடவை பார்த்தேன்.”

அவள் அவரையே பார்த்தாள். சட்டைப் பைக்குள் போன் மூச்சுக்கூட விடவில்லை. ஒரு ப்ராக்கோலி துண்டை எடுத்துக் கடித்தாள். சத்தம் வந்தது.

“என் கைப்பக்குவம் அப்படியே இருக்கு,” என்றாள். உலகத்தில் யாருக்கும் அவள் அதற்குமேல் பாராட்டு கொடுத்ததில்லை. “சரி. நாளைக்குப் பெட்டியோட வந்துடறேன்.”

அவள் கைகழுவப் போனதும், மெக்கானிக் சட்டைப் பைக்குள் குனிந்தார்.

“பாஸ் பண்ணிட்டேங்க! நாளைக்கு வர்றாளாம்.”

“நாளைக்கு எதுக்கு? பெட்டியைக் கட்டி வாசல்ல வெச்சாச்சு, இப்பவே கொண்டுவந்து போட்டுடறேன் மாப்பிள்ளை. மூணு வாரமா வேளை தவறாம இதையேதான் எம்பொண்ணு எங்களுக்குப் போட்டா, உங்க மாமா இங்க எண்ணெய்ச் சட்டியைக் கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டிருக்கார்!”