பூஜ்ஜியம், பூஜ்ஜியம்

“சார், ஊரையே காணோம்!”

அந்த அலறல் கேட்டபோது வரைபட அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோர மேசையில் மூத்த வரைவாளர். எல்லோருக்கும் அவர் அக்கா. கதவருகே பெஞ்சில் உட்கார்ந்து சேற்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த சர்வேயர். கண்ணாடி அறைக்குள் மேனேஜர். நடு மேசையில், அலறிய ஷார்ட்கட். எந்த வேலையையும் ஒரே பட்டனில் முடிக்கப் பார்ப்பதால் அவனுக்கு வந்த பெயர் அது.

ஷார்ட்கட்டின் ஆறு மாதச் சோதனைக் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போக வேண்டியதுதானா என்பது தலைமை அலுவலகத்துக்கு மேனேஜர் எழுதும் கடிதத்தில் இருந்தது.

“என்னடா பண்ணித் தொலைச்ச?” என்றபடி அக்கா எழுந்து வந்தார்.

“சர்வேயர் சார் அளந்து குடுத்த நாப்பத்திரண்டு எல்லைக் கல்லையும் படத்துல வச்சேன்க்கா. கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவுன்னு எல்லா எண்ணையும் அடிச்சேன். எண்ணிப் பார்த்தா நாப்பத்தொண்ணுதான் இருக்கு. மிச்சம் ஒண்ணு எங்க போய் விழுந்துச்சுன்னு பார்க்க...”

“பார்க்க?”

“ஜூம் ஆல் அழுத்திட்டேன்.”

சர்வேயர் கையிலிருந்த பூட்ஸ் கீழே விழுந்தது. படத்தில் இருக்கும் அத்தனையையும் ஒரே திரையில் காட்டும் பட்டன் அது. ‘ஜூம் ஆல் யாரும் தொடக் கூடாது, கம்ப்யூட்டர் மெதுவாகும்’ என்று மேனேஜர் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

திரையில், ஊர் மேல் மூலையில் ஒரு கடுகாகச் சுருங்கிக் கிடந்தது. கீழ் மூலையில் இன்னொரு கடுகு.

அக்கா எண்களின் பட்டியலை ஒரு ஓட்டு ஓட்டினார். “முப்பதாவது கல்லையே ரெண்டு தடவை அடிச்சிருக்க. ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு.”

“அப்ப கீழ இருக்கற இது?”

கிழக்கே பூஜ்ஜியம், வடக்கே பூஜ்ஜியம். எல்லா அளவும் தொடங்கும் இடம். ஊர் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே தள்ளியிருந்தது.

“அங்கெல்லாம் நான் அளக்கப் போகலப்பா. கடலா இருந்தாலும் இருக்கும்” என்றார் சர்வேயர்.

ஷார்ட்கட் கடுகைப் பெரிதாக்கினான். அது எழுத்தாக மாறியது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

“‘சாப்பிட்டாச்சா?’ ‘ஆச்சு. நீங்க?’ ‘எங்க கிளையில காலையிலேருந்து கரண்ட் இல்ல. உங்க படம் வந்த நேரம், வந்துடுச்சு.’ அடடே!”

படம் தினமும் சரிபார்ப்புக்காகப் பக்கத்து ஊர்க் கிளைக்குப் போய்த் திரும்பும். கூடவே இதுவும் போய் வந்திருக்கிறது.

“கடைசி வரியைப் படிம்மா” என்று சர்வேயர் ஒரே பூட்ஸோடு நொண்டி வந்தார்.

“‘மூணு வாரமா கேக்கறேன். நம்ம கல்யாணத்துக்குச் சரியா, இல்லையா? இந்த வாரமும் பதில் இல்லைன்னா இனி நான் எழுத மாட்டேன்.’”

“என்ன இங்க கூட்டம்?”

பின்னால் மேனேஜர். திரையைப் பார்த்ததும் அவர் முகம் குப்பென்று சிவந்தது.

“யார் வேலை இது? கையெழுத்தா இருந்தாலாவது கண்டுபிடிக்கலாம். கம்ப்யூட்டர்ல எல்லார் எழுத்தும் ஒண்ணுதான்! டேய், இந்த ஆபீஸ்ல கல்யாணம் ஆகாதவன் நீதானே?”

“சார், நீங்களும்...” என்று சர்வேயர் வாயெடுத்தார். மேனேஜரின் முகத்தைப் பார்த்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டார்.

“சத்தியமா நான் இல்ல சார். பூஜ்ஜியத்துக்கு வழியே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்!”

“யாரா வேணா இருக்கட்டும் சார்” என்றார் அக்கா. “மூணு வாரமா அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கு. யாராவது ஒரு பதில் போட வேணாமா?”

“ஆபீஸ் படம் என்ன தபால் பெட்டியா?” மேனேஜர் குனிந்து, தாமே மவுஸைப் பிடித்து, அத்தனை வரிகளையும் அழித்தார். “இப்பவே ரெண்டு லெட்டர் எழுதறேன். ஒண்ணு தலைமை ஆபீஸுக்கு. இன்னொண்ணு அந்தக் கிளை அம்மாவுக்கு!”

கண்ணாடிக் கதவு படாரென்று மூடியது. கிளைக்குத் தலைவியான அந்த அம்மா புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது எண் பிசகினால்கூட போனில் மேனேஜரோடு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பவர்.

முதல் கடிதம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவதை எழுதினார், கிழித்தார், எழுதினார், மறுபடியும் கிழித்தார்.

“அந்தம்மாவுக்கு எவ்வளவு காரம் ஏத்தறாரோ!” என்று முணுமுணுத்தார் சர்வேயர். ஷார்ட்கட் முப்பதாவது கல்லுக்கு மேலிருந்ததை எடுத்து, நாற்பத்திரண்டாவது கல்லைச் சரியான இடத்தில் வைத்தான். பிறகு நாற்பத்திரண்டையும் மறுபடி எண்ணிப் பார்த்தான்.

நாலு மணிக்குக் கூரியர்காரர் வந்து நின்றார். மேனேஜர் இரண்டு உறைகளோடு வெளியே வந்தார். ஒன்று ஒட்டியிருந்தது.

“சார்... என் வேலை?”

“நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதியாச்சு. அடிச்சதோட விடாம எண்ணிப் பார்த்தியே, அது போதும்.”

ஷார்ட்கட்டுக்கு உயிர் வந்தது. வந்த தைரியத்தில், ஒட்டாத உறையைப் பார்த்துக் கெஞ்சினான். “அப்ப அந்தம்மாவுக்கு எழுதின புகாரையும் விட்டுடுங்க சார். பாவம், அந்தப் பொண்ணு மாட்டிக்கும்.”

மேனேஜர் கூரியர்காரரின் பசையை வாங்கி, உறையின் வாயில் ஒரு கோடு இழுத்தார்.

“புகார் இல்லடா. ‘சரி’ன்னு ஒரே ஒரு வார்த்தைதான். எழுத இருந்த ஒரே இடத்தையும் இன்னிக்கு நீ கண்டுபிடிச்சுட்ட, இனிமே நான் தபால்லதானே சொல்லணும்?” என்று சொல்லி, உறையை அழுத்தி ஒட்டிக் கூரியர்காரரிடம் நீட்டினார்.