மேல்வீட்டுக்கு ஒரு பரிசு

"கேம் விளையாடணும், பாட்டு கேக்கணும், படமும் பாக்கணும். மூணுக்கும் ஒரே ஹெட்போன். விலையும் கம்மியா இருக்கணும், தம்பி" என்றாள் மெர்வி. தம்பெரே நகரின் அந்தக் கடையில், விற்பனையாளன் எல்யாஸ் உற்சாகமானான்.

"பையனுக்கா, அக்கா?"

"மேல்வீட்டுக்காரனுக்கு! வேலை முடிஞ்சு வந்து படுத்தா, என் தலைக்கு மேல ஒரே துப்பாக்கிச் சண்டை. நிம்மதியா தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"நேர்ல போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஐயோ, ஆளையே பார்த்ததில்ல. படியில யாராவது வர்ற சத்தம் கேட்டா, அவங்க போற வரைக்கும் நான் கதவையே திறக்க மாட்டேன்."

"நான் மட்டும் என்னவாம்? அப்படித்தான்" என்று சிரித்தான் எல்யாஸ்.

மெர்வி, மெத்தென்று பஞ்சு வைத்த ஒன்றை எடுத்தாள். அவன் தடுத்து, வேறொன்றை எடுத்துக் காட்டினான்.

"அந்தத் தடியனுக்கு இதெல்லாம் எதுக்கு? இருக்கறதுலயே மலிவு இதுதான். கொஞ்ச நேரத்துல காதை நெரிக்கும். நெரிக்கட்டுமே!"

மெர்வி விழுந்து விழுந்து சிரித்தாள். எல்யாஸ் அதைப் பரிசுத் தாளில் அழகாகச் சுற்றினான்.

"மேல பேர் என்ன எழுதட்டும்?"

"கதவுல ரௌத்தியோன்னு போட்டிருக்கு. காலேவா தேவாலயத்துக்கு எதிர்க் கட்டடம், நாலாவது மாடி."

எல்யாஸின் பேனா அப்படியே நின்றது. அந்தப் பெயரைத் தன் வீட்டுக் கதவில் மாட்டியவனே அவன்தான்.

சுற்றிய தாளை மெல்லப் பிரித்தான்.

"பாவம் அக்கா, அவன். பஞ்சு வச்சதையே எடுத்துக்கங்க. கூட ஆகிற காசை நானே போட்டுடறேன்."