கேட்டருகே நிற்பவள்

2006 ஆகஸ்ட் மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பழைய பேய்ப் படம் ஒன்றைத் திரையிட்டார்கள். படத்தில், இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியைக்கு மட்டும் ஜன்னலில் ஒரு பெண் தெரிகிறாள்.

"பேயே இல்லை, எல்லாம் அவள் பிரமை" என்று படம் முடிந்ததும் அக்கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் விளக்கினார். கைதட்டினார்கள்.

அவர் வீட்டில், பிள்ளைகள் இருவரையும் பார்த்துக்கொள்ளும் ஆயா தில்லையம்மாள் காத்திருந்தாள். "சார், கேட்டாண்ட அந்தப் பொம்பள இன்னைக்கும் வந்தா. புள்ளைங்களப் பாத்து அழுவுறா."

"உன் பிரமை."

"பிரமையா? ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சாளே சார்!"

சார்லஸ் தூங்கும் பிள்ளைகளைப் பார்க்காமல் ஜன்னலைச் சாத்தினார்.

பிள்ளைகள் இருவரும் சுனாமிக்குப் பின் அவர் தத்தெடுத்தவர்கள். இறந்துவிட்டதாக நம்பப்பட்ட அவர்களின் தாய், போன மாதம் கடலோர ஊரான கிள்ளையிலிருந்து கல்லூரிக்கே வந்து, "ஒருதரம் காட்டுங்க, போயிடுறேன்" என்று அவர் காலில் விழுந்திருந்தாள்.

தில்லையம்மாளுக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லி, மறுநாள் வேலையிலிருந்து நிறுத்தினார்.