பெட்டியில் மிச்சமிருந்த சத்தம்

தும்... தும்... தும்...

மேசைமேல் காபிக் கோப்பை நடுங்கியது. சனிக்கிழமை வேலையை வீட்டுக்கு அடியிலுள்ள கீழ்த்தளத்தில் தொடங்கிவைத்துவிட்டு அப்போதுதான் மேலே வந்து உட்கார்ந்திருந்த மிஸஸ் ஸ்டோல்ட்ஸ், திரையை விலக்கி எதிர்வீட்டைப் பார்த்தாள்.

அங்கே லீலண்ட் தன் பழைய காருக்குள் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"ஆரம்பிச்சுட்டான்!" என்று பல்லைக் கடித்தபடி, குடியிருப்போர் சங்கத் தலைவர் கிளைடுக்குப் போன் போட்டாள். அந்தத் தெருவில் எவன் வீட்டுக் குப்பைத் தொட்டி ஒருநாள் கூடுதலாக வெளியே நின்றாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான்.

லீலண்ட் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கப் பழகியதே இந்தக் கோடையில்தான். ஒரு கையில் அது, மறு கையில் வீடியோ ஓடும் போன். காரோடு வந்த ஸ்பீக்கர்களைப் பிடுங்கிப் புதியவை மாட்டினான். அடித்தொனி நெஞ்சில் இடிக்க டிக்கியில் பெரிய ஊஃபர் பெட்டி, அதை அதிரவைக்கத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர். வாழ்க்கையில் அவன் தன் கையால் செய்துமுடித்த முதல் காரியம். சும்மா இருப்பானா?

"கம்பெனிக்காரன் வச்சது வெறும் காகிதம்ப்பா. இனிமே பாட்டைக் காதால கேக்க வேண்டாம், நெஞ்சால கேக்கலாம்!" என்று நாயோடு நடை போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னான்.

அன்று மாலையே தெரு முழுக்க அவன் காரைச் சுற்றி நின்றது.

"என் ஜன்னல் ஆடுது!" என்றாள் மிஸஸ் ஸ்டோல்ட்ஸ்.

"என் நாய் சாப்பிடவே மாட்டேங்குது."

"ஓவன்ல வச்ச கேக் அப்படியே அமுங்கிப்போச்சு."

"போன வாரம் பூரா நான் ஊர்லயே இல்ல. எனக்கே கேட்டுதுன்னா பாத்துக்குங்க!"

கிளைடு கையை உயர்த்தினார். "எங்க, போடு பார்ப்போம்."

லீலண்ட் சாவியைத் திருப்பினான். பாட்டு வந்தது.

கிளைடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "யப்பா! இதயமே இடம் மாறுதே!"

"அந்த அடித்தொனி, பேஸ், தெரியுதா?" என்றான் லீலண்ட் ஆவலாக.

"தெரியுதாவா? பல்லெல்லாம் ஆடுதுய்யா!"

"ரொம்ப நன்றி."

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. அடுத்த சனிக்கிழமைக்குள் ஊஃபரைக் கழற்றி, மிஸஸ் ஸ்டோல்ட்ஸிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கமே ஆள்வைத்துக் காரை இழுத்துப்போகச் செய்யும்.

வாரம் ஓடியது. சனிக்கிழமை காலை, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறவன் முகத்தோடு லீலண்ட் ஒவ்வொரு வயராகக் கழற்றினான். உதவிக்கு நின்ற மனைவி நோரீன், கருவிப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்ன பாக்கெட்டை எடுத்தாள். பிரிக்கவே இல்லை.

"இது என்ன?"

லீலண்ட் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "ஃப்யூஸ். பாட்டரிகிட்ட மாட்டறது. இது இல்லாம ஊஃபருக்குக் கரண்டே போகாது, மத்த ஸ்பீக்கர் மட்டும்தான் பாடும். எல்லா வீடியோவிலயும் சொன்னான், இதைக் கடைசியாத்தான் மாட்டணும்னு..."

"கடைசி வரைக்கும் மாட்டல."

"ஆனா நான் பேஸைக் கேட்டேனே, நோரீன்! நீயும்தானே கேட்டுதுன்னே?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. அதனால எனக்கும் கேட்டுது."

அவன் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"உக்காராதே! பெட்டியையும் பாக்கெட்டையும் எடுத்துட்டுப் போய் அந்தம்மா முகத்துக்கு நேரா காட்டு. ஒரு முணுமுணுப்புகூட வராத பெட்டிக்கு மன்னிப்பா?"

லீலண்ட் ஊஃபரைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தான். பாக்கெட் சட்டைப் பையில்.

மிஸஸ் ஸ்டோல்ட்ஸ் கதவைத் திறந்தாள். "கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன். ஆனா உங்ககிட்ட ஒரு விஷயம்..."

தும்... தும்... தும்...

"பாத்தியா! மறுபடியும் உன்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

ஊஃபர் அவன் கைகளில் இருந்தது. அதன் வயர்கள் அவன் முழங்காலில் தொங்கின. சத்தம் அவள் காலுக்கடியிலிருந்து, அவள் வீட்டுக்குள்ளிருந்தே வந்துகொண்டிருந்தது.

அவள் முகம் கழுத்துவரை சிவந்தது.

பக்கத்துப் புல்வெளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கிளைடு, குழாயும் கையுமாகத் திரும்பினார். "என்ன மிஸஸ் ஸ்டோல்ட்ஸ், இன்னுமா தொந்தரவு பண்றான்?"

லீலண்டின் கை சட்டைப் பைவரை போயிற்று. அவள் முகத்தைப் பார்த்தான். கை திரும்பிவிட்டது.

"பெட்டிக்குள்ள கொஞ்சம் சத்தம் மிச்சம் இருக்கு, கிளைடு. ரெண்டு நாள்ல வத்திடும்."

"இருக்கும் இருக்கும்," கிளைடு விஷயம் தெரிந்தவர்போல் தலையாட்டினார். "நல்ல பெட்டி."

லீலண்ட் குரலைத் தாழ்த்தினான். "மிஸஸ் ஸ்டோல்ட்ஸ்... அன்னிக்கு பேஸ் நல்லா இருந்துதா?"

அவள் முதன்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"ஜன்னல் கழண்டு விழுந்துடுமோன்னு பயந்துட்டேன், லீலண்ட்."

அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவைக் கடந்து போனான்.

கதவைச் சாத்திவிட்டு மிஸஸ் ஸ்டோல்ட்ஸ் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். தும் தும்மென்று குதித்துக்கொண்டிருந்த வாஷிங் மெஷினை நிறுத்தி மூடியைத் திறந்தாள். ஒரே பக்கமாகச் சுருண்டு கிடந்த குளியலறைக் கால்மிதி விரிப்பைப் பிரித்து, சீராகப் பரப்பிவிட்டு, மறுபடி பொத்தானை அழுத்தினாள்.